சுல்பிகா ராத்தாவின் மூன்று வாளிகள்

என் அக்கா, சுல்பிகா ராத்தா, தன் கடைசிக் காலத்தைக் குப்பை வாளிகளோடு கழித்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மையித்து வீட்டுக்கு வந்த இடத்தில்கூட அந்த வாளிகளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் இருக்கிறார்கள். யார் யாரென்று எனக்குத் தெரியும். துக்க வீடாயிற்றே என்று அன்று பேசாமல் இருந்தேன், இல்லாவிட்டால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

நான் றாஸிக். கல்முனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவனை வாசல் வரை போய் ஏசுகிறவன் என்று எனக்கொரு பெயர். பொய்யில்லை. ராத்தா எனக்கு நேர் எதிர். மச்சான் முகைதீன்பாவா காய்ச்சலில் மவுத்தானபோது ராத்தாவின் கையில் இரண்டு பெண் பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே கல்லுக் கல்லாக ஒரு வீட்டை எழுப்பினார். அவர் அழுது நான் கண்டதில்லை. மனம் சரியில்லாவிட்டால் மாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பிசைவார், அவ்வளவுதான்.

மூத்தவள் றிஸ்னா. வயது முப்பதைத் தாண்டியும் புத்தி ஆறேழு வயதிலேயே நின்றுவிட்டது. நல்ல பிள்ளை, யாருக்கும் ஒரு தீங்கு நினைக்காது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் ஒரு நூல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகாது. இளையவள் பஸ்னா. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணமென்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பஸ்னாவின் கலியாணத்தோடு அந்த இடியப்ப வீடு பஸ்னாவின் வீடாயிற்று. ராத்தாவும் றிஸ்னாவும் சமைக்கிற குசினியோடு ஒட்டிய பின்னறைக்கு மாறினார்கள். அதிலொன்றும் குறையில்லை, ஊர் வழமை அதுதான்.

ராத்தாவுக்கு ஈரலில் கட்டி என்று கொழும்பு டொக்டர் சொன்ன பிறகுதான் அந்த வழமை அவருக்குக் கனக்கத் தொடங்கியது. ஒருநாள் என்னை வரச்சொல்லிப் பின்னறையில் இருத்தினார்.

"தம்பி, எனக்குப் பொறகு இவள் இந்த ஊட்டுல சும்மா குந்தி இரிக்கிறவளாகிடப்படாது. சும்மா இரிக்கிற ஆளைத்தான் எல்லாருக்கும் பாரமாத் தெரியும்."

"நான் இரிக்கன்தானே ராத்தா. என்ட ஊட்டுக்கு வரட்டும்."

"உன்ட ஊடு உன்ட பொண்டாட்டிட ஊடு. அவள் என்ன சொல்லுவாளென்டு எனக்கும் தெரியா, உனக்கும் தெரியா."

பஸ்னாவின் மாப்பிள்ளை றமீஸ் தூரத்தில் இப்படியான பிள்ளைகளைப் பார்க்கிற ஓர் இடத்தைப் பற்றிப் போனில் விசாரித்தது ராத்தாவின் காதில் விழுந்திருக்கிறது. றமீஸும் கெட்டவனில்லை. சம்மாந்துறையில் ஒரு நெல்லு மில்லில் வேலை, கைக்குழந்தை, களைத்துப்போன பெண்சாதி. அவன் கணக்கில் அது ஒரு யோசனை. ராத்தாவுக்கு அது நெஞ்சில் இறங்கிய கத்தி.

"இவள் இல்லாட்டி இந்தக் குசினி ஓடாதென்டு பஸ்னாட வாயால வரோணும்" என்றார். "அதுக்கு என்ன செய்யிறதென்டுதான் யோசிக்கன்."

றிஸ்னாவை அடுப்புக்குப் பக்கத்தில் விட முடியாது, ஒருதடவை சுட்டுக்கொண்டாள். கத்தி கொடுக்க ஏலாது. துணி தோய்த்தால் சவர்க்காரம் முடியும்வரை தோய்ப்பாள். இந்த நேரத்தில்தான் அந்த வீட்டில் குப்பைச் சண்டை தொடங்கியது. பிரித்து வைக்காத குப்பையை இனி ஏற்ற மாட்டோம் என்று மாநகரசபை அறிவித்துவிட்டது. அந்தக் குசினியில் எப்போதும் கதவுக் கொளுக்கியில் ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பேக் தொங்கும். மீன் செவுள், வெங்காயத்தோல், பால்மா பக்கட், யோகட் கப், எல்லாம் அதற்குள். நிறைந்தால் ஒரு முடிச்சு, முடிந்தது வேலை. குப்பை ட்ரக்டரில் வரும் செபரட்ணம் அண்ணன் அந்தப் பேக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வாசலில் வைத்தார்.

"குறை நினைக்காதங்க தங்கச்சி. இப்பிடி ஏத்தினா என்னைத்தான் ஏசுவாங்க" என்று பஸ்னாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வைத்தது நாறியது. றமீஸ் இரண்டு நாள் பொறுத்துவிட்டு அதை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கடலோடு சேரும் தோணா வாய்க்காலில் போடப் போக, அங்கே ஒருவர் அவனைப் பிடித்து, பேர் ஊர் கேட்டு, நான்கு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டார். வந்து அவன் பஸ்னாவை ஏச, பஸ்னா தாயைப் பார்க்க, தாய் குப்பைப் பேக்கைப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் ஒருவருமே விரும்பாத வேலை ஒன்று இருக்கிறது, அதை றிஸ்னாவுக்குக் கொடுத்தால் எவரும் அவளிடமிருந்து பறிக்க வரமாட்டார்கள். ராத்தாவின் மூளை அப்படி வேலை செய்தது.

மறுநாள் கடைக்கு வந்து பெயின்ட் வாளி கேட்டார். பச்சை, சிவப்பு, நீலம். மூன்றுக்கும் மூடி வேண்டுமாம்.

"என்ன ராத்தா, ஊட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்களா, தெருவுக்கா?"

"உனக்குப் பகிடிதான். மூடி இறுக்கமா இரிக்கிறதாப் பாத்துத் தா."

பச்சை வாளிக்கு மண்ணோடு மண்ணாய் உக்குவதெல்லாம்: தோல், செவுள், தேயிலைச் சக்கை, தேங்காய்ப்பூச் சக்கை. நீலத்துக்குப் போத்தல், டின், கழுவிய பிளாஸ்டிக். அது பழைய போத்தல் வியாபாரிக்கு. சிவப்புக்கு மற்றதெல்லாம், அது செபரட்ணம் அண்ணனின் ட்ரக்டருக்கு. றிஸ்னாவுக்கு எழுத்துத் தெரியாது, நிறம் நன்றாகத் தெரியும். முதலில் மூன்று வாளியையும் வரிசையாகக் கதவோரம் வைத்தார்கள். சரிவரவில்லை. மீன் துப்புரவாக்குவது தொட்டிக்குக் கீழே, வாளி கதவடியில். றிஸ்னா செவுளைக் கையில் தூக்கிக்கொண்டு இரண்டடி வைப்பாள், மறந்து தரையில் போடுவாள். பஸ்னா கத்துவாள்.

ராத்தா ஒரு கதிரையைக் குசினி மூலையில் போட்டு இருந்துவிட்டார். வயிற்றில் ஒரு தலையணையை அமர்த்திக்கொண்டு, மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் திருவினால் சிரட்டையை எங்கே வைக்கிறாள், பால்மா பக்கட்டை வெட்டினால் எந்தப் பக்கம் திரும்புகிறாள். கை எங்கே விழுகிறதோ அங்கே வாளியை நகர்த்தினார். பச்சை தொட்டிக்குக் கீழே போனது. நீலம் ஜன்னலடிக்குப் போனது. மேலே ஒரு கயிறு கட்டி, கோப்பை கழுவின கடைசித் தண்ணீரில் பக்கட்டுகளை அலசித் துணி கிளிப்பில் கொழுவப் பழக்கினார். சிவப்பைத் தூரத் தள்ளி வாசலடியில் வைத்தார், அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பிப் பஞ்சிப்பட்டால் அதில் விழுகிற குப்பை குறையுமாம். குசினியே இடம் மாறியது. திருவலை ஓர் இடத்துக்கு, அரிசிச் சாடி ஓர் இடத்துக்கு. "என்ட குசினில எனக்கே வழி தெரியல்ல" என்று பஸ்னா முணுமுணுத்தாள்.

பின்வளவில் அடியில்லாத ஒரு கறுப்புப் பரலை, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை, நிறுத்தினார்கள். பச்சை வாளி அதற்குள் கவிழும், மேலே ஒரு பிடி மணலும் சருகும். எங்கள் வளவெல்லாம் கடற்கரை மணல். கத்தரி நட்டால் கம்புதான் மிஞ்சும்.

பிறகு ஒரு பிழை நடந்தது. றிஸ்னா ஒருநாள் மீன் கழிவைச் சொப்பின் பேக்கோடு, முடிச்சோடு, பரலுக்குள் போட்டுவிட்டாள். யாரும் காணவில்லை. மாரி மழை முடிந்து பரலைச் சரித்தபோதுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் கறுத்த மண்ணாகிக் கிடக்க, அந்தப் பேக் மட்டும் போட்டது போட்டபடி. ராத்தா அதை மகளின் முன்னால் வெட்டிக் காட்டினார். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள்.

"பாத்தியா மனே. கட்டினபடி போட்டா அங்கேயே கிடந்து நாறும், எங்கேயும் போகாது. அவுத்து உட்டாத்தான் மண்ணாகி நல்லதா வரும். முடிச்சோட ஒண்டையும் போடாத, என்ன?"

"முடிச்சோட போடப்படா" என்றாள் றிஸ்னா.

"மண்ணுக்குள்ள போனது ஒண்டும் காணாமப் போறல்ல. மாரி முடியத் திரும்பி வரும்."

அந்த மண்ணை அரிதட்டில் அரித்துப் பாத்தி போட்டார்கள். அந்த வருடம் கத்தரி காய்த்தது பாருங்கள், அந்த மணல் வளவில் நான் அப்படிக் கண்டதேயில்லை. றிஸ்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு காயையும் தடவி, இது பெருநாள் பூசணித்தோல், இது மாமா கொண்டுவந்த சூரை மீன் என்று பேர் வைத்தாள். எனக்கு இரண்டு கத்தரிக்காயைத் தந்து, "உங்கிட மீன் வந்திட்டு" என்றாள். நான் சிரித்தேன். ராத்தாவும் கதிரையிலிருந்து சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு அவருக்கு முடியவில்லை. கறி வாசம் பட்டாலே ஓங்காளித்தது. ஆனாலும் அந்தக் கதிரையை விடவில்லை. றிஸ்னா பிழையில்லாமல் வேலை செய்தாள். கடைக்காரன் இறுக்கிப் போட்ட முடிச்சைக்கூடக் கிழிக்காமல், நகத்தால் கிளறிக் கிளறி அவிழ்த்து, பேக்கைக் கழுவிக் கொழுவினாள். செபரட்ணம் அண்ணன் ட்ரக்டரை நிறுத்தினால் சிவப்பு வாளியோடு முதல் ஆளாய் நிற்பாள். அவர் "சரியா மகள்?" என்று கேட்க, "சரி" என்பாள். ஆனால் பஸ்னாவின் வாயிலிருந்து வரவேண்டியது வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான். ராத்தா என்னைக் காணும்போதெல்லாம் கண்ணால் கேட்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன்.

மாரி தொடங்கிய கிழமை ராத்தா மவுத்தானார். காலையில் போனார், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. பெண்கள் குளிப்பாட்டிக் கபனிட்டார்கள். முகம் பார்க்க என்னைக் கூப்பிட்டபோது, வெள்ளைத் துணியில் சுற்றி, இடுப்பிலும் கால்மாட்டிலும் துணிக் கீற்றால் கட்டியிருந்தார்கள். தலைமாட்டுக் கட்டு மட்டும் பாக்கி. நான் பார்த்து முடிய அதையும் கட்டினார்கள்.

அப்போதுதான் றிஸ்னா எழும்பி வந்தாள். அதுவரை சுவரோடு சாய்ந்து இருந்தவள், நேரே போய்க் குந்தி, உம்மாவின் கால்மாட்டு முடிச்சில் நகத்தை வைத்து அவிழ்க்கத் தொடங்கினாள். பெண்கள் பதறிப் பிடித்து இழுத்தார்கள். அவள் திமிறினாள். ஒரு கிழவி "புள்ளைக்குப் புத்தி பேதலிச்சிட்டு" என்றாள், இன்னொருத்தி கையில் அடித்தாள். பஸ்னா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். றிஸ்னா ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"முடிச்சோட போடப்படா. உம்மா சொன்ன. முடிச்சோட போடப்படா."

அங்கிருந்த யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். எங்கள் முறையில் கபுறுக் குழிக்குள் இறக்கியதும் கபன் கட்டுகளை அவிழ்த்துவிட வேண்டும். உள்ளே இறங்குகிற ஆண்கள் அதைச் செய்வார்கள். பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை, இவளுக்கு அதை யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்?

"அவுக்கிறதான் மனே" என்றேன். "இஞ்ச இல்ல, அங்க வெச்சி அவுக்கிற. நான்தான் உள்ளுக்கு இறங்குவன். நான் அவுக்கன்."

என் முகத்தைப் பார்த்தாள். "மூணும்?"

"மூணும்."

கையை எடுத்துக்கொண்டாள். உம்மாவைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டும்போது மற்றவர்கள் அழுதார்கள், அவள் அழவில்லை.

மையவாடியில் மழை பிடித்துக்கொண்டது. நானும் றமீஸும் கபுறுக்குள் இறங்கி ராத்தாவை வாங்கிக் கிடத்தினோம். முகத்தைக் கிப்லாத் திசைக்குத் திருப்பி, தலைமாட்டுக் கட்டை அவிழ்த்தேன், இடுப்புக் கட்டை அவிழ்த்தேன். கால்மாட்டுக் கட்டு வரவில்லை. றிஸ்னா இழுத்ததில் இறுகி, மழையில் நனைந்து, நகம் ஏறாத முடிச்சாகிவிட்டது. அடியிலிருந்து தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது. மேலே நின்றவர்கள் தண்ணீர் ஏறுமுன் கெதியாக முடிக்கச் சொன்னார்கள்.

"காணும் மாமா" என்றான் றமீஸ். "அது கிடக்கட்டும். தலைமாட்ட அவுத்தாக் காணும்."

"வாயப் பொத்துடா" என்றேன். கபுறுக்குள் நின்று சத்தம் போடக்கூடாது, எனக்குத் தெரியும். அன்று என் வாய் என் சொல் கேட்கவில்லை. குனிந்து, என் ராத்தாவின் காலடியில் தலையை வைத்து, அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். கற்பூரமும் ஈரமண்ணும் வாயில் கசந்தது. றமீஸ் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது றிஸ்னா படலையடியில் நனைந்துகொண்டு நின்றாள்.

"அவுத்தீங்களா மாமா?"

"அவுத்த மனே. மூணையும்."

தலையை ஆட்டிவிட்டு நேரே குசினிக்குப் போனாள். மையித்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். சோற்றுப் பார்சல், அது சுற்றி வந்த லஞ்ச் சீட், யோகட் கப், தண்ணீர்ப் போத்தல் என்று அந்த மூன்று நாளும் குசினியில் மலையாய்க் குவிந்தது. றிஸ்னா ஒவ்வொன்றாக எடுத்தாள். மிச்சச் சோறு பச்சைக்கு, போத்தல் நீலத்துக்கு, எண்ணெய்ச் சீட் சிவப்புக்கு. அழுகிற சத்தத்துக்கு நடுவே அவள் பக்கட் அலசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சிரித்தவர்கள் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம் வந்தவர்கள் போய்விட, றமீஸ் ஒரு யோகட் கப்பை நினைவில்லாமல் பச்சை வாளியில் போட்டான். "மச்சான், அது அங்க இல்ல" என்றாள் றிஸ்னா. அவன் குனிந்து அதை எடுத்து, கழுவி, நீலத்தில் போட்டான். பஸ்னா பின்னறையிலிருந்து உம்மாவின் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, பழைய மூலையிலேயே போட்டு, என்னைப் பார்த்தாள்.

"றிஸ்னா ராத்தா எங்கேயும் போறல்ல மாமா. அவள் இல்லாட்டி இந்தக் குசினி ஓடாது."

கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் போய் மூன்று நாளாகியிருந்தது. நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். என் ராத்தா நினைத்ததைச் சாதித்துவிட்டார் என்று நினைத்து, அழுகைக்கு நடுவே எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. கதை அத்தோடு முடிந்திருந்தால் நல்லது.

மாரி முடிந்து தை வெயில் எறித்த ஒரு காலையில், கடை திறந்து கொஞ்ச நேரத்தில், றிஸ்னா வாசலில் வந்து நின்றாள். தனியாக அவ்வளவு தூரம் நடந்து வந்ததில்லை. நல்ல உடுப்பு உடுத்து, முக்காடு போட்டு, ஒரு கையில் கழுவித் துடைத்த பச்சை வாளி, மறு கையில் அரிதட்டு.

"என்ன மனே, இஞ்ச?"

"மாரி முடிஞ்சிட்டு மாமா. பரல்ல மண் வந்திட்டு. வாங்க போவம்."

"எங்க?"

"உம்மாட்ட."

கடையில் ஆட்கள் நின்றார்கள். அவள் முகத்தில் ஒரு துக்கமுமில்லை. பெருநாளுக்குப் புறப்பட்ட பிள்ளையின் முகம்தான் அது. உம்மா திரும்பி வரமாட்டா என்று சொல்லலாம். அப்படியென்றால் உம்மா சொல்லித்தந்தது பொய்யா என்று கேட்பாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்தக் குசினியில் நிற்கிறாள்.

"இன்னும் ஆகல்ல மனே" என்றேன். "மனிசருக்குக் கனகாலம் எடுக்கும். அடுத்த மாரியும் போகட்டும்."

வெறும் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க நல்லா அவுத்தீங்கதானே மாமா?"

"அவுத்த மனே. பல்லால கடிச்சி அவுத்த."

"அப்ப சரி" என்றாள். அரிதட்டை வாளிக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். கடையைப் பூட்டிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் வீடு வரை பின்னால் போனேன்.

இப்போது மறுபடி மாரி பிடித்திருக்கிறது. குசினி ஒழுங்காக ஓடுகிறது, பஸ்னா இப்போது தானாகவே கழுவிக் கொழுவுகிறாள். தை பிறந்து வெயில் எறித்தால் றிஸ்னா வாளியோடு வந்து என் கடை வாசலில் நிற்பாள். அவளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.